லிஸ்ட்டிலிருந்து லிஸ்ட்டுக்கு: எக்ஸல் மேக்ரோவின் 130 வருஷக் கதை



இன்னைக்கு சுகர், பிபி, தடுப்பூசி எதுவும் கிடையாது. எக்ஸல் பற்றி ஒரு நீளமான த்ரெட். டாக்டருக்கும் எக்ஸலுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கிறவங்க கொஞ்சம் பொறுமையா கூடவே வாங்க. இந்தக் கதையை ஆரம்பிச்சு வச்சதே ஒரு டாக்டர்தான்.

முதலில் விஷயம் என்னன்னு சொல்லிடறேன்.

ஒரு பெரிய பட்டியல் இருக்கு. அதில் ஒரு நிபந்தனைக்குப் பொருந்தும் வரிகளை மட்டும் பொறுக்கி எடுத்து இன்னொரு ஷீட்டில் வைக்கணும். அவ்வளவுதான் வேலை.

அரசு ஆஸ்பத்திரியில் இது தினசரி நடக்கும். காய்ச்சல் வார்டு பட்டியலில் 300 பேர் இருக்காங்கன்னு வச்சுக்கோங்க. அதில் டெங்கு பாசிட்டிவ் ஆனவர்களை மட்டும் எடுத்து, வட்டார வாரியாகப் பிரித்து, அந்தந்த வட்டாரத்துக்கு அனுப்பணும். அந்த லிஸ்ட் போய்ச் சேர்ந்தால்தான் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் அந்தத் தெருவுக்குப் போய் தொட்டி, டிரம், பழைய டயர் எல்லாவற்றையும் பார்ப்பாங்க. லிஸ்ட்டில் ஒரு வரி விட்டுப்போனால் அந்தத் தெருவுக்கு யாரும் போகமாட்டாங்க. விட்டுப்போச்சுன்னு யாருக்கும் தெரியக்கூட செய்யாது.

இதைக் கையால் காப்பி பேஸ்ட் பண்ணலாம். ராத்திரி டூட்டி முடியிற நேரத்தில் பண்ணினால் என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்லை. அதுக்குத்தான் மேக்ரோ. எக்ஸலுக்கு நாம் எழுதிக் கொடுக்கும் வேலைக் குறிப்பு அது. "இரண்டாவது வரியிலிருந்து கடைசி வரி வரை ஒவ்வொன்றாகப் பார். பாசிட்டிவ் என்று இருந்தால் அந்த வரியை அடுத்த ஷீட்டில் ஒட்டு." பட்டனை அமுக்கினால் சில வினாடிகளில் முடிஞ்சிடும்.

இப்போ 1880க்குப் போவோம்.

அந்த வருஷம் அமெரிக்காவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. சுமார் 5 கோடிப் பேர். வீடு வீடாகப் போய் எழுதினது சீக்கிரம் முடிஞ்சது. எழுதினதைக் கூட்டிப் பிரித்து அறிக்கை போடத்தான் ஏழெட்டு வருஷம் இழுத்தது.

காரணம் ரொம்ப எளிமையானது. பெரிய பெரிய தாள்களில் வரிசையாக ஆட்களின் விவரம். "விதவைகள் எத்தனை பேர்?" என்று கேட்டால் எல்லாத் தாளையும் முதலிலிருந்து பார்த்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போடணும். "அதில் வெளிநாட்டில் பிறந்த விதவைகள்?" என்று அடுத்த கேள்வி வந்தால் மறுபடி முதலிலிருந்து. வரி தாளோடு ஒட்டிக்கிட்டு இருக்கு. அதை எடுத்து இன்னொரு இடத்தில் வைக்க வழியே இல்லை.

அந்தக் கணக்கெடுப்பில் பிறப்பு, இறப்புப் புள்ளிவிவரங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஜான் ஷா பில்லிங்ஸ். அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயம்பட்டவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்த ராணுவ மருத்துவர். மருத்துவக் கட்டுரைகளைப் பொருள்வாரியாகத் தேட உதவும் 'இண்டெக்ஸ் மெடிக்கஸ்' என்ற அட்டவணையை 1879ல் தொடங்கினவரும் இவர்தான். இன்னைக்கு நாங்க தேடுற பப்மெட்டோட பாட்டன் அது. பொருந்துவதைத் தேடி எடுக்கும் வேலையிலேயே வாழ்க்கையைக் கழித்த மனுஷன்னு சொல்லலாம்.

அதே அலுவலகத்தில் ஹெர்மன் ஹாலரித் என்று இளம் என்ஜினீயர் ஒருத்தர் சேர்ந்தார். ஒருநாள் பேச்சுவாக்கில் பில்லிங்ஸ் இவரிடம், இந்தக் கூட்டிப் பிரிக்கும் வேலையைச் செய்ய ஒரு மெஷின் இருக்கணுமே என்று சொன்னார். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு அட்டை, அதில் ஓரமாக வெட்டுக்குறி, அதை வைத்துப் பிரிக்கும் கருவி என்கிற மாதிரி ஒரு யோசனை. ஹாலரித் அதைப் பிடிச்சுக்கிட்டார். கூட்டாகச் செய்யலாமா என்று பின்னால் கேட்டபோது பில்லிங்ஸ் மறுத்துட்டார். ஏதாவது ஒரு தீர்வு வந்தால் போதும், அதற்கு மேல் எனக்கு ஆர்வமில்லை என்று விட்டுட்டாராம். (அந்த ஹாலரித் தொடங்கின கம்பெனி பின்னாளில் வேறு கம்பெனிகளோடு சேர்ந்து ஐபிஎம் ஆனது. டாக்டர்களுக்கு வியாபாரம் தெரியாது என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியலை.)

ரயிலில் டிக்கெட்டில் துளை போடுவாங்க இல்லையா? அந்தக் காலத்தில் அங்கே சில டிக்கெட்டுகளில் பயணியின் அடையாளத்தையே துளையாகப் போடுவாங்க. முடி என்ன நிறம், கண் என்ன நிறம் என்று. ஒருத்தர் டிக்கெட்டை இன்னொருத்தர் பயன்படுத்தாமல் இருக்க. அதைப் பார்த்துதான் ஒரு ஆளை ஓர் அட்டையில் துளைகளாக எழுதலாம்னு தோணிச்சுன்னு ஹாலரித் பிறகு சொல்லியிருக்கார்.

இந்த மெஷின் முதல் முதலில் எங்கே ஓடியது தெரியுமா? சுகாதாரத் துறையில். 1880களின் பிற்பகுதியில் பால்டிமோர் நகரத்தின் இறப்புப் பதிவுகளை இதில்தான் பிரித்துப் பார்த்தாங்க. 1890 கணக்கெடுப்பு அதுக்கு அப்புறம்தான்.

மெஷின் வேலை செய்யும் விதம் அழகு. அட்டையை வைத்து மேலிருந்து கைப்பிடியை இறக்கணும். ஸ்பிரிங் வைத்த ஊசிகள் அட்டை மேல் இறங்கும். துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போய் கீழே இருக்கும் சின்னக் கிண்ணத்துப் பாதரசத்தைத் தொடும். மின்சாரம் பாயும். சுவரில் இருக்கும் கடிகாரம் மாதிரியான முள் ஓர் எண் நகரும். பக்கத்தில் அறைகள் வைத்த ஒரு பெட்டி. அந்த அட்டை எந்த அறைக்குப் போகணுமோ அந்த மூடி மட்டும் தானாகத் திறக்கும். ஊழியர் அட்டையை அதில் போட்டு மூடிவிடுவார்.

இரண்டு மூன்று நிபந்தனைகளைச் சேர்த்தும் கேட்கலாம். "பெண், அதோடு விதவை, அதோடு வெளிநாட்டில் பிறந்தவர்" என்கிற மாதிரி. அதுக்குத் தனியாக ரிலே என்ற மின்சாதனத்தை வைத்து வயரை மாற்றி இணைப்பாங்க. எக்ஸல் தெரிஞ்சவங்களுக்கு இப்போ புரிஞ்சிருக்கும். 'இஃப்', 'அண்ட்' எல்லாம் அப்போ செம்புக் கம்பியா இருந்தது. வேறு ஷீட் என்பது மரப்பெட்டியா இருந்தது.

பாதரசக் கிண்ணத்துக்கு ஒரு கிளைக்கதை உண்டு. ஓய்வு வேணும்னு தோணினால் ஊழியர்கள் சிலர் சொட்டு மருந்துக் குழாயால் பாதரசத்தை உறிஞ்சி எச்சில் படிக்கத்தில் விட்டுடுவாங்களாம். மெஷின் நின்னுடும், மெக்கானிக் வர்ற வரைக்கும் ரெஸ்ட். பாதரச ஆவியை நினைச்சால் டாக்டரா எனக்கு வயிற்றைக் கலக்குது. ஆனால் சர்வர் டவுன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போற நம்ம ஆட்களின் முன்னோர்னு பார்த்தால் பாசம் வருது.

இந்த மெஷினில் எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்த மூடியோ முள்ளோ இல்லை. ஒரு மணி. அட்டை சரியாகப் படிக்கப்பட்டால் 'டிங்' என்று மணி அடிக்கும். அடிக்கலைன்னா துளையில் ஏதோ தப்பு. அந்த அட்டையைத் தனியாக எடுத்து வச்சு என்னன்னு பார்க்கணும்.

6 கோடிக்கும் மேற்பட்ட அட்டைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி. இதை ஞாபகத்தில் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

மெஷின் இல்லாமலும் இதே யோசனை நடந்தது, அதுவும் நம்ம ஊரில். 1901 இந்தியக் கணக்கெடுப்பில் சென்னை மாகாணம் உட்பட எல்லா இடத்திலும் சீட்டு முறை வந்தது. ஓர் ஆளுக்கு ஒரு சின்னச் சீட்டு. மதத்துக்கு ஏற்ப சீட்டின் நிறம் மாறும். அந்தச் சீட்டுகளை எழுத்தர்கள் கையாலேயே புறாக்கூண்டு மாதிரியான அறைகளில் பிரிச்சுப் போட்டு எண்ணுவாங்க. மின்சாரமும் இல்லை, பாதரசமும் இல்லை.

டாக்டர்களுக்கென்று ஒரு ஏழை மாடல் பிறகு வந்தது. ஓரங்களில் சுற்றிலும் துளை போட்ட அட்டை. நோயாளிக்கு ஒரு அட்டை. ஒவ்வொரு துளைக்கும் ஓர் அர்த்தம். நோயாளிக்கு அது பொருந்தினால் துளையின் விளிம்பைக் கத்தரித்து விடணும். "காசநோய் உள்ளவர்கள் யார்?" என்று கேட்டால், அட்டைக் கட்டை அடுக்கி அந்தத் துளை வழியாக ஸ்வெட்டர் பின்னும் ஊசி மாதிரி ஒன்றைச் செருகித் தூக்கி ஆட்டணும். கத்தரித்த அட்டைகள் பொலபொலன்னு கீழே விழும். விழுந்ததுதான் உங்க லிஸ்ட். கம்ப்யூட்டர் வரும் வரை பல ஆராய்ச்சி டாக்டர்களின் 'ஃபில்டர்' இதுதான்.

அட்டை, சீட்டு, ஊசி எல்லாத்திலும் நடந்தது ஒரே காரியம். வரியைப் பக்கத்திலிருந்து பிரிச்சு விட்டாங்க. ரெஜிஸ்டர் நோட்டில் இருக்கும் வரி எங்கேயும் போகாது, ஆனால் உபயோகமும் குறைவு. அட்டையாக மாறின வரி எங்கே வேணும்னாலும் போகும். அதனாலேயே தொலையவும் செய்யும்.

பொருத்திப் பார்ப்பதிலும் ஒரு தலைவலி இருக்கு. 1946ல் இன்னொரு டாக்டர், ஹால்பர்ட் டன், அமெரிக்காவின் பிறப்பு இறப்புப் புள்ளிவிவர அலுவலகத் தலைவர், 'ரெக்கார்டு லிங்கேஜ்' என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். ஓர் ஆளின் பிறப்பு முதல் இறப்பு வரை வெவ்வேறு இடங்களில் சிதறிக் கிடக்கும் பதிவுகளை ஒன்றாகச் சேர்க்கும் வேலை அது. சொல்ல சுலபம். நம்ம ஊரில் முத்துலட்சுமியை ஆங்கிலத்தில் ஒருத்தர் 'கே எஸ் ஹெச்' போட்டு எழுதுவார், இன்னொருத்தர் 'டி சி ஹெச்' போடுவார். இனிஷியல் ஒரு பட்டியலில் முன்னால், இன்னொன்றில் பின்னால். பேருக்குப் பின்னாடி கண்ணுக்குத் தெரியாத ஒரு ஸ்பேஸ் இருந்தாலே எக்ஸலுக்கு அது வேற ஆள். ஒலி ஒத்த பெயர்களை ஒன்றாகத் தேட 'சவுண்டெக்ஸ்' என்ற முறைக்கு 1918லேயே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிட்டாங்க. அந்த வம்பு அவ்வளவு பழசு.

சரி, கம்ப்யூட்டர் காலம். 1979ல் டான் பிரிக்லின், பாப் ஃபிராங்ஸ்டன் இரண்டு பேரும் விசிகால்க் கொண்டு வந்தாங்க. அது கணக்குப் போடும் தாள். நம்ம கதைக்கு முக்கியம் 1983 ஜனவரியில் வந்த லோட்டஸ் 1-2-3. மிட்ச் கேபோர், ஜொனாதன் சாக்ஸ் உருவாக்கினது. அதில் ஒரு மெனு: உள்ளே இருக்கும் பட்டியல் எது, நிபந்தனை எது, எங்கே கொண்டுபோய் வைக்கணும் என்று மூன்று இடங்களைக் காட்டினால், பொருந்தும் வரிகளை எடுத்து வச்சிடும். ஹாலரித் பெட்டி அப்படியே திரைக்குள் வந்த மாதிரி.

அந்த விசைகளைத் தினமும் அதே வரிசையில் தட்டுவது சலிப்பாச்சே? அதுக்கும் வழி வச்சாங்க. தட்ட வேண்டிய விசைகளையே ஒரு கட்டத்தில் எழுத்தாக எழுதி, அதுக்கு ஓர் எழுத்தைப் பெயராக வச்சுட்டு, ஆல்ட் விசையோடு அந்த எழுத்தைத் தட்டினால் போதும். லோட்டஸ் மேக்ரோ அதுதான்.

எக்ஸல் 1985ல் மேக் கம்ப்யூட்டருக்கும் 1987ல் விண்டோஸுக்கும் வந்தது. 1993ல் ஐந்தாம் பதிப்போடு விபிஏ என்ற முழு நிரல்மொழி உள்ளே வந்துச்சு. அப்போ அந்தக் குழுவில் இருந்த ஜோயல் ஸ்பால்ஸ்கி பின்னாளில் ஒன்று எழுதியிருக்கார். வாடிக்கையாளர்களைப் போய்ப் பார்த்தபோது பெரும்பாலானவர்கள் எக்ஸலில் கணக்கே போடலையாம். லிஸ்ட்தான் போட்டுட்டு இருந்தாங்களாம். எந்த அரசு அலுவலகத்திலும் போய்ப் பாருங்க, இன்னைக்கும் அதே கதைதான்.

எக்ஸலில் 'அட்வான்ஸ்டு ஃபில்டர்' என்று ஒன்று இருக்கு. பொருந்தும் வரிகளை வேறு இடத்துக்கு நகலெடுக்கும். ஆனால் பட்டியல் இருக்கும் ஷீட்டில் நின்று வேறு ஷீட்டைக் காட்டினால், முடியாதுன்னு சொல்லிடும். போய்ச் சேர வேண்டிய ஷீட்டில் நின்று ஆரம்பிக்கணும். இது தெரியாமல் எத்தனை பேர் மேக்ரோ எழுதக் கத்துக்கிட்டாங்களோ! (இப்போ 'ஃபில்டர்' என்ற ஃபார்முலாவே வந்தாச்சு. புது எக்ஸல் இருக்கிறவங்க முதலில் அதைப் பாருங்க. எங்க ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்களுக்கு அந்த பாக்கியம் இல்லை.)

மேக்ரோவை வச்சு வைரஸும் எழுதினாங்க. 1996ல் லாரூ என்ற வைரஸ் எக்ஸல் மேக்ரோவாகவே பரவுச்சு. வெளியிலிருந்து வரும் ஃபைலைத் திறந்தால் மஞ்சள் பட்டை வந்து அனுமதி கேட்பது அதனால்தான். யார் அனுப்பினதுன்னு தெரியாமல் அனுமதி கொடுக்காதீங்க.

இனிமேல் சொல்லப்போவதுதான் விஷயம்.

எக்ஸல் ஷீட்டுக்கு ஒரு அடிமட்டம் உண்டு. 1990களின் நடுப்பகுதி வரை 16,384 வரி. எக்ஸல் 97ல் 65,536. 2007ல் அது 10,48,576 ஆச்சு. ஆனால் பழைய வகை ஃபைலாகச் சேமித்தால் இன்னைக்கும் 65,536தான். அந்தக் காலத்து மேக்ரோக்களில் "65536வது வரியிலிருந்து மேலே தேடிப் போய் கடைசி வரியைக் கண்டுபிடி" என்றே எழுதியிருப்பாங்க. அந்த எண்ணுக்குக் கீழே ஆட்கள் இருந்தாலும் அந்த மேக்ரோ கண்ணுக்குத் தெரியமாட்டாங்க.

இதைவிட மோசமான ஒரு வரி இருக்கு. அதன் அர்த்தம்: "தப்பு வந்தால் கண்டுக்காமல் அடுத்த வேலையைப் பார்." ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட். சில இடங்களில் தேவைப்படும். ஆனால் மேக்ரோவின் முதல் வரியாகவே இதைப் போட்டுவிட்டு, எர்ரரே வரலை சார் என்று கொடுக்கும் ஃபைல்கள் ஊரெங்கும் சுத்திட்டு இருக்கு. ஹாலரித் மெஷினில் மணியைக் கழற்றி வச்சுட்டு ஓட்டுவது மாதிரி.

2020 செப்டம்பர், இங்கிலாந்து. கொரோனா இரண்டாவது அலை ஏறிக்கிட்டு இருந்த நேரம். பரிசோதனைக் கூடங்கள் முடிவுகளை வெறும் எழுத்துக் கோப்பாக அனுப்பும். பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து என்ற அரசு அமைப்பு அதைத் தானியங்கி முறையில் எக்ஸல் ஃபைலுக்குள் இழுத்து, அங்கிருந்து மத்தியப் பட்டியலுக்கும் தொடர்பு தேடும் குழுவுக்கும் அனுப்பியது. அந்த எக்ஸல் ஃபைல் பழைய வகை. ஒரு ஆளின் பரிசோதனைக்கே பல வரிகள் தேவைப்பட்டதால், ஒரு ஃபைலில் சுமார் 1,400 பேர்தான் அடங்கினாங்க.

ஷீட் நிறைஞ்சது. அதுக்கு மேல் வந்தவங்க வெளியே விழுந்தாங்க. எந்த மணியும் அடிக்கலை.

செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 பாசிட்டிவ் ஆட்கள் கணக்கில் வரவே இல்லை. அவங்களுக்குத் தங்கள் முடிவு தெரியும், அது தனியாகப் போயிடுச்சு. ஆனால் அவங்க யாரோடு சாப்பிட்டாங்க, யார் பக்கத்தில் வேலை பார்த்தாங்க என்று கேட்க வேண்டிய குழுவுக்கு அவங்க பேரே போகலை. அந்த ஆயிரக்கணக்கான தொடர்புகளும் எதுவும் தெரியாமல் வேலைக்கும் கடைக்கும் போய் வந்தாங்க, வயசான அப்பா அம்மாவைப் பார்த்துட்டு வந்தாங்க.

அக்டோபர் 3 அதிகாலை 1 மணிக்குள் மொத்தப் பேரும் தொடர்பு தேடும் குழுவுக்கு அனுப்பப்பட்டாங்க. தொற்று மற்றவருக்குப் பரவும் முக்கியமான நாட்கள் பலருக்கு அதுக்குள்ள கடந்து போயிருந்தது. தியமோ ஃபெட்சர், தாமஸ் கிரேபர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள், எந்தப் பகுதியில் எத்தனை பேர் விட்டுப்போனாங்க என்பதை வைத்து விளைவைக் கணக்கிட்டாங்க. ஒரு லட்சத்துக்கும் அதிகமான கூடுதல் தொற்றுகள், 1,500க்கும் அதிகமான கூடுதல் மரணங்கள் இதோடு தொடர்புடையவை என்பது அவங்க மதிப்பீடு. மதிப்பீடுதான், தலை எண்ணினது இல்லை. பாதியாகக் குறைச்சுக்கிட்டாலும் 750 பேர்.

அப்புறம் என்ன பண்ணாங்க? ஃபைலைச் சின்னச் சின்னதாகப் பிரிச்சு அனுப்பினாங்க.

இதைப் படிச்சுட்டு எக்ஸலே வேண்டாம்னு சொல்றவங்க உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பெரிய சாஃப்ட்வேர் வர்ற வரைக்கும், வந்த பிறகும், வார்டில் இருக்கும் சிஸ்டருக்கும் டேட்டா என்ட்ரி ஆபரேட்டருக்கும் கையில் இருப்பது இதுதான். மெஷினில் இருந்த மணியை மறுபடி கட்டிக்கணும், அவ்வளவே.

எங்க காய்ச்சல் வார்டு ஃபைலில் மேக்ரோ மூன்று ஷீட் போடும். பொருந்தினவங்க ஒன்றில், பொருந்தாதவங்க ஒன்றில், முடிவு காலியாகவோ புரியாமலோ இருப்பவங்க மூன்றாவதில். கடைசியில் மூன்றையும் கூட்டி மூலப் பட்டியலோடு ஒப்பிடும். 300 போனால் 300 வரணும். 299 வந்தால் லிஸ்ட் அனுப்பப்படாது. அந்த மூன்றாவது ஷீட்டைத்தான் நாங்க முதலில் திறந்து பார்ப்போம்.

விபிஏ மொழியில் 'பீப்' என்று ஒரே சொல்லில் ஒரு கட்டளை இருக்கு. கூட்டல் சரியாக வந்தால் ஒலிக்கட்டும்னு அதையும் போட்டோம். கம்ப்யூட்டரில் ஸ்பீக்கர் வேலை செய்யலை. அதனால் இப்போதைக்கு ஒரு கட்டம் பச்சையாக மாறும்.